மூவரில் ஒருவருக்குத் தெரியும்

1978 டிசம்பர் 28, மாலை. யுனைடெட் நிறுவனத்தின் 173-ஆம் எண் விமானம் நியூயார்க்கில் கிளம்பி, டென்வரில் நின்று, அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்திலுள்ள போர்ட்லாண்டை நெருங்கிக்கொண்டிருந்தது. உள்ளே 189 பேர். தரையிறங்குவதற்காகச் சக்கரங்களை இறக்கினார்கள். வழக்கமில்லாத ஒரு தடால் சத்தம். விமானம் பக்கவாட்டில் குலுங்கியது. சக்கரம் பூட்டிக்கொண்டதைக் காட்டும் பச்சை விளக்கு எரியவில்லை.

கேப்டன் 27,000 மணி நேரத்துக்கும் மேல் பறந்தவர். சக்கரம் மடங்கிவிட்டால் விமானம் ஓடுபாதையில் வயிற்றைத் தேய்த்துக்கொண்டு போகும், தீப்பிடிக்கலாம். எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டு இறங்குவோம் என்று முடிவுசெய்து, விமான நிலையத்துக்கு அருகே வானத்தில் வட்டமடிக்க ஆரம்பித்தார். பராமரிப்புப் பிரிவோடு ரேடியோவில் பேசினார். பயணிகளைத் தயார்படுத்தும்படி பணிப்பெண்களிடம் சொன்னார். இப்படியே சுமார் ஒரு மணி நேரம் போனது. அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த விமானப் பொறியாளரின் கண்ணெதிரே எரிபொருள் முள்கள் இறங்கிக்கொண்டிருந்தன. இன்னும் பதினைந்து நிமிடம் கழித்து இறங்கலாம் என்ற பேச்சு வந்தபோது, அதற்குள் எரிபொருள் ரொம்பக் குறைந்துவிடும் என்ற பொருளில் அவர் சொன்னார். பேச்சு மறுபடி சக்கரத்துக்கே திரும்பியது. எரிபொருள் எவ்வளவு இருக்கிறது என்று துணை விமானியும் இடையில் கேட்டார். பதில் வந்தது, அத்தோடு விட்டுவிட்டார்கள். கடைசியில், ஒரு என்ஜின் நிற்கப்போகிறது என்று துணை விமானி சொன்னபோது கேப்டன் கேட்டது ‘ஏன்?’ என்ற ஒரே கேள்விதான்.

விமானம் ஓடுபாதைக்குச் சில மைல் முன்னால், புறநகரில், மரங்களுக்கும் வீடுகளுக்கும் நடுவே விழுந்தது. 10 பேர் இறந்தார்கள். அந்தப் பொறியாளரும் அவர்களில் ஒருவர். எரிபொருள் தொட்டியில் எரிவதற்கு எதுவும் மிச்சமில்லாததால் தீ மூளவில்லை. சக்கரங்கள் ஆரம்பத்திலேயே ஒழுங்காக இறங்கிப் பூட்டிக்கொண்டிருந்தன என்பது விசாரணையில் தெரியவந்தது. அரிப்பு பிடித்த ஒரு தண்டு உடைந்ததால் ஒரு பக்கச் சக்கரம் வேகமாக விழுந்திருக்கிறது. அந்த அதிர்ச்சியில் விளக்குக்கான ஸ்விட்ச் கெட்டுப்போயிருக்கிறது. கோளாறு அவ்வளவுதான்.

அந்த அறையில் மூன்று பேர் இருந்தார்கள். மூவரும் திறமைசாலிகள், ஒருவரும் தூங்கவில்லை, ஒருவருக்கும் சாக ஆசையில்லை. விமானத்தைக் காப்பாற்றத் தேவையான தகவல் அந்த அறைக்குள்ளேயே இருந்தது. ஒருவர் தலையில் இருந்தது முடிவெடுப்பவர் தலைக்குப் போய்ச் சேரவில்லை. மூன்றடி தூரத்தை அது ஏன் கடக்கவில்லை என்பதுதான் இந்த அத்தியாயத்தின் கேள்வி. சிறு குழுக்களைப் பற்றிய ஆராய்ச்சிகள் பலவும் சுற்றிச் சுற்றி இந்த இடத்துக்குத்தான் வந்து நிற்கின்றன.

சிறு குழு என்று இங்கே சொல்வது மூன்று பேரிலிருந்து ஒரு பதினைந்து, இருபது பேர் வரை. ஒருவருக்கு ஒருவர் முகம் தெரிந்து, பெயர் தெரிந்து, ஒரே காரியத்துக்காகச் சேர்ந்தவர்கள். அறுவை சிகிச்சை அறைக் குழு, திருவிழாக் கமிட்டி, மகளிர் சுயஉதவிக் குழு, மென்பொருள் கம்பெனியில் ஒரு புராஜெக்ட் டீம் எல்லாம் இதில் அடக்கம்.

சிறு குழு ஆராய்ச்சியில் முதலில் அளந்து பார்க்கப்பட்டது உடல் வலிமை. மாக்ஸ் ரிங்கல்மன் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் 1880-களில் ஆட்களைக் கயிறு இழுக்கவைத்து, இழுவிசையைக் கருவியால் அளந்தார். முடிவுகளை 1913-இல்தான் வெளியிட்டார். தனியாக இழுக்கும்போது ஒருவர் செலுத்தும் விசையை நூறு என்று வைத்துக்கொண்டால், எட்டுப் பேர் சேர்ந்து இழுக்கும்போது தலைக்கு அதில் ஏறக்குறைய பாதிதான் வந்தது. ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்று நாம் சொல்கிறோம். ஊர் கூடினால் தேர் நகரும், சந்தேகமில்லை. ஆனால் வடம் பிடித்த ஒவ்வொருவரும் தன் முழு பலத்தையும் கொடுக்கிறாரா என்பது வேறு கேள்வி. எல்லோரும் ஒரே நொடியில் இழுப்பதில்லை என்பது ஒரு காரணம். விசிலும் மேளமும் கொடியசைப்பும் அதற்காகத்தான் இருக்கின்றன. இன்னொரு காரணம், நான் கொஞ்சம் விட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்பது.

இந்த இரண்டில் எதன் பங்கு எவ்வளவு? 1974-இல் ஆலன் இங்கமும் அவருடைய கூட்டாளிகளும் இதைப் பிரித்துப் பார்க்க ஒரு குறும்பான வழி கண்டுபிடித்தார்கள். ஆளின் கண்ணைக் கட்டி, கயிற்றின் முன்வரிசையில் நிறுத்தி, பின்னால் இத்தனை பேர் சேர்ந்து இழுக்கிறார்கள் என்று நம்பவைத்தார்கள். பின்னால் நின்றவர்கள் ஆராய்ச்சியாளரின் ஆட்கள், அவர்கள் இழுக்கவே இல்லை. ஒருங்கிணைப்புச் சிக்கலுக்கு அங்கே வழியே கிடையாது. இருந்தும் முன்னால் நின்றவரின் இழுப்பு குறைந்தது. பிப் லடானேயின் குழு 1979-இல் கை தட்டவும் கத்தவும் சொல்லிச் சோதித்தபோதும் இதேதான் நடந்தது. பிறகு, ஒவ்வொருவர் எழுப்பும் சத்தமும் தனித்தனியாகப் பதிவாகிறது என்று சொன்னதும் சோம்பல் மறைந்துவிட்டது.

கயிறு இழுப்பதில் ஒரு வசதி உண்டு. எல்லோர் கையிலும் இருப்பது ஒரே சரக்கு. ஒருவர் குறைத்தால் இன்னொருவர் ஈடுகட்டலாம். அறிவு அப்படியில்லை. பொறியாளருக்குத் தெரிந்ததை கேப்டன் தன் பலத்தால் ஈடுகட்ட முடியாது.

அந்த அறிவு ஏன் நகர மறுக்கிறது என்று பார்க்கும் முன், மனிதர்கள் எவ்வளவு சீக்கிரம் ஒரு குழுவாகிவிடுகிறார்கள் என்பதைப் பார்த்துவிடலாம். துருக்கியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய முசாஃபர் ஷெரீஃப், 1954-இல் ஓக்லஹோமாவின் ராபர்ஸ் கேவ் பூங்காவில் 22 சிறுவர்களுக்கு ஒரு கோடை முகாம் நடத்தினார். பதினொரு வயதையொட்டிய பிள்ளைகள். முன்பின் அறிமுகமில்லாதவர்கள். இரண்டாகப் பிரித்து, ஒரு குழு இருப்பது இன்னொரு குழுவுக்குத் தெரியாமல் சில நாள் வைத்திருந்தார். அதற்குள்ளேயே வழக்கங்கள் முளைத்துவிட்டன. ஒரு குழுவில் அடிபட்டாலும் அழக் கூடாது. இன்னொன்றில் கெட்ட வார்த்தை பேசக் கூடாது. ‘ராட்லர்ஸ்’, ‘ஈகிள்ஸ்’ என்று பெயரும் கொடியும் வந்தன. பிறகு இரண்டு குழுவையும் போட்டிகளில் மோதவிட்டார். கொடியை எரிப்பது, அறையைச் சூறையாடுவது வரை போனது. கடைசிக் கட்டத்தில் இரு தரப்புக்கும் பொதுவான சிக்கல்களை உண்டாக்கினார். தண்ணீர் வரவில்லை. சாப்பாடு கொண்டுவர வேண்டிய லாரி கிளம்பவில்லை. பையன்கள் எந்தக் கயிற்றை வைத்துக் கயிறிழுப்புப் போட்டி நடத்தினார்களோ, அதே கயிற்றைக் கட்டி எல்லோரும் சேர்ந்து லாரியை இழுத்தார்கள்.

அழகான கதை. பாடப்புத்தகங்கள் விரும்பிச் சொல்லும் கதையும்கூட. அவற்றில் பல சொல்லாமல் விடுவது, ஷெரீஃப் முந்தைய ஆண்டு நியூயார்க் மாநிலத்தில் நடத்திய முகாமை. அங்கே பிள்ளைகளை முதலில் ஒன்றாகப் பழகவிட்டு அப்புறம் பிரித்தார்கள். அவர்கள் சண்டைபோட மறுத்தார்கள். பெரியவர்கள்தான் ஏதோ சூழ்ச்சி செய்கிறார்கள் என்று கண்டுபிடித்தும்விட்டார்கள். சோதனையைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. எனக்கு இந்தத் தோல்விதான் கூடுதல் சுவாரஸ்யம். யார் யாரோடு முதலில் உட்கார்ந்தார்கள் என்பது பின்னால் நடப்பதை எவ்வளவு தூரம் தீர்மானிக்கிறது என்பதை இரண்டு முகாம்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் புரியும்.

முதலில் சேர்ந்து உட்காருவதன் வலிமையை இன்னொரு ஆய்வும் காட்டுகிறது. மேனேஜ்மென்ட் பயிற்சி வகுப்புக்குப் போன எவரும் புரூஸ் டக்மனின் நான்கு கட்டங்களைக் கேட்டிருப்பார்கள். குழு முதலில் கூடும், அப்புறம் மோதும், அப்புறம் விதிகளுக்குப் பழகும், அப்புறம் வேலை செய்யும். 1965-இல் வந்த கட்டுரை. அது அன்றைக்கு வெளியாகியிருந்த ஐம்பது ஆய்வுகளைப் படித்துத் தொகுத்தது. அவற்றில் பெரும்பங்கு மனநலச் சிகிச்சைக் குழுக்களைப் பற்றியது. அலுவலகங்களுக்கு அதை அப்படியே தூக்கிவந்து பொருத்தியவர்கள் மற்றவர்கள். கானி கெர்சிக் என்ற ஆராய்ச்சியாளர் நிஜமான வேலைக் குழுக்கள் எட்டை, முதல் கூட்டத்திலிருந்து கடைசிக் கூட்டம் வரை கூடவே இருந்து பார்த்து 1988-இல் எழுதினார். சிலவற்றுக்கு ஒரு வாரக் கெடு, சிலவற்றுக்கு ஆறு மாதம் வரை. நான்கு கட்டங்கள் அவர் கண்ணில் படவில்லை. முதல் கூட்டத்தில் எப்படிப் பேசினார்களோ, எந்தக் கோணத்தில் வேலையைப் பார்த்தார்களோ, அதுவே பாதிக் காலம் வரை மாறாமல் ஓடியது. கெடுவில் சரிபாதி கழிந்த தருணத்தில், வாரமானாலும் மாதமானாலும், குழுவுக்குச் சட்டென்று விழிப்பு வந்தது. பழையதைப் போட்டுவிட்டுப் புதிய வழிக்கு மாறினார்கள். மாற்றத்துக்கு ஒரு வாய்ப்பு கிடைக்கிறது, அதுவும் நடுவில்.

ஆக, முதல் கூட்டத்தில் யார் வாயைத் திறந்தார், யார் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது லேசான விஷயமில்லை. இந்தப் பேச்சுப் பாதைகளைத் தனியே எடுத்து ஆய்வுக்கூட மேஜையில் வைத்துப் பார்த்தவர்கள் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இருந்த அலெக்ஸ் பேவலஸும் அவருடைய மாணவர் ஹெரால்ட் லீவிட்டும்.

ஒரு வட்ட மேஜை. அதைச் சுற்றி ஐந்து பேர். நடுநடுவே தடுப்புப் பலகைகள், ஒருவர் முகம் இன்னொருவருக்குத் தெரியாது. பலகையில் சின்னத் துவாரங்கள். துவாரம் திறந்திருக்கும் பக்கம் மட்டும் துண்டுச்சீட்டு எழுதி அனுப்பலாம். ஒவ்வொருவர் கையிலும் ஒரு அட்டை. மொத்தம் ஆறு குறிகள் உண்டு: வட்டம், முக்கோணம், சதுரம் என்று. ஒவ்வொரு அட்டையிலும் அவற்றில் ஐந்து. ஐந்து அட்டைகளிலும் பொதுவாக இருக்கும் ஒரே குறி எது என்று எல்லோரும் கண்டுபிடிக்க வேண்டும். 1951-இல் வெளியான ஆய்வில் நூறு மாணவர்கள், இருபது குழுக்கள். சில குழுக்களில் துவாரங்கள் வட்டமாகத் திறந்திருந்தன, அவரவர் இடது வலது ஆட்களோடு பேசலாம். சிலவற்றில் சங்கிலி. சிலவற்றில் சக்கரத்தின் ஆரம்போல, நடுவில் இருக்கும் ஒருவரோடு மட்டும் நால்வரும் பேசலாம், நால்வருக்குள் பேச்சு கிடையாது.

இப்படி நடுவில் ஒருவரை, ‘நடுவர்’ என்று சொல்வோம், வைத்த குழுக்கள் சீக்கிரம் நிலைபெற்றன. சீட்டுகள் குறைவு, பிழைகள் குறைவு. வட்டக் குழுக்கள் ஏகப்பட்ட சீட்டு எழுதி, ஏகப்பட்ட பிழை செய்தன. ஆனால் வேலை எப்படியிருந்தது என்று கேட்டபோது, வட்டத்தில் இருந்தவர்களுக்குப் பிடித்திருந்தது. நடுவர் குழுக்களில் நடுவில் இருந்தவர் ஒருவருக்குத்தான் பிடித்திருந்தது, ஓரத்து நால்வருக்கும் சலிப்பு. உங்கள் தலைவர் யார் என்று கேட்டால் நடுவில் இருந்தவரைக் காட்டினார்கள். அவரை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. துவாரம் அவர் பக்கம் திறந்திருந்தது, அவ்வளவுதான்.

ஒரே ஆள் நடுவில் இருப்பதுதான் நல்லது என்று இதை வைத்துச் சொல்லிவிடலாம்போலத் தோன்றும். அதே கழகத்தில் அடுத்து நடந்த சோதனை அந்த முடிவைக் கவிழ்த்தது. குறிகளுக்குப் பதிலாகக் கோலிக்குண்டுகள் கொடுத்தார்கள். ஒரே நிறக் குண்டுகள் இருந்தவரை சிக்கலில்லை. பிறகு மேகம்போலக் கலங்கிய, பெயர் சொல்ல முடியாத நிறக் குண்டுகளைக் கொடுத்தார்கள். ஒருவர் பச்சை என்பதை இன்னொருவர் நீலம் என்பார். எல்லாக் குழுக்களும் தடுமாறின. வட்டக் குழுக்கள் பேசிப் பேசி, ஒவ்வொரு குண்டுக்கும் தங்களுக்குள் ஒரு பெயர் வைத்துக்கொண்டு, போகப்போகப் பிழைகளைக் குறைத்துக்கொண்டன. நடுவர் குழுக்களால் அது முடியவில்லை. ஓரத்தில் இருப்பவருக்கு நல்ல யோசனை வந்தாலும் அது நடுவரைத் தாண்டிப் போக வழியில்லை. நடுவருக்கோ ஏற்கெனவே கை நிறைய வேலை. தெரிந்த வேலைக்கு நடுவர் போதும், தெரியாத வேலைக்கு வட்டம் வேண்டும் என்று சுருக்கமாக வைத்துக்கொள்ளலாம். சிக்கல், வேலை எந்த நிமிடத்தில் தெரியாத வேலையாக மாறுகிறது என்பது யாருக்கும் தெரிவதில்லை. போர்ட்லாண்டில் அது பச்சை விளக்கு எரியாத நொடியில் மாறியது.

நம் ஊரிலும் இப்படி ஒரு வட்டம் உண்டு. தமிழ்நாட்டில் 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழுக்களில் ஏறத்தாழ 12 முதல் 20 பேர்தான். தரையில் வட்டமாக உட்கார்வது வழக்கம். சந்தாப் பணம், கடன், வசூல் எல்லாம் எல்லோர் காதிலும் விழும்படி படித்துத் தீர்மான நோட்டில் எழுத வேண்டும். இந்தச் சின்ன ஏற்பாடுகளில் ரிங்கல்மனுக்கும் லீவிட்டுக்கும் பதில் இருக்கிறது. யார் எவ்வளவு கட்டினார் என்பது பகிரங்கம், எவரும் எவரோடும் பேசலாம். பொறுப்பாளர்களைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்ற விதியும் உண்டு. பல ஊர்களில் அந்த விதி மட்டும் நோட்டிலேயே தங்கிவிடுகிறது. பேங்க்குக்குப் போகத் தெரிந்த அக்காவே வருஷக்கணக்கில் தலைவியாக இருப்பார். உட்காருவது வட்டமாக, நடப்பது நடுவர் முறையில்.

இனி, எல்லோரும் எல்லோரோடும் தாராளமாகப் பேசலாம், யாரும் யாரையும் தடுக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதாவது ஒருவருக்கு மட்டும் தெரிந்தது வெளியே வருமா? கேரல்ட் ஸ்டாசரும் வில்லியம் டைட்டஸும் 1985-இல் வெளியிட்ட ஆய்வு, இந்தத் துறையில் எனக்குத் தெரிந்தவரை மிகவும் சங்கடப்படுத்தும் ஆய்வு.

கல்லூரி மாணவர்கள் நான்கு நான்கு பேராக உட்கார்ந்து, மாணவர் தலைவர் பதவிக்கு மூன்று கற்பனை வேட்பாளர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதல் வேட்பாளர்தான் மற்ற இருவரைவிட நல்லவர், அவரிடம் நல்ல குணங்கள் அதிகம் இருக்கும்படி தகவல்கள் எழுதப்பட்டிருந்தன. சில குழுக்களில் நால்வருக்கும் எல்லாத் தகவல்களையும் கொடுத்தார்கள். அந்தக் குழுக்களில் 83 சதவீதம் முதல் வேட்பாளரையே தேர்ந்தெடுத்தன. மற்றக் குழுக்களில் அவருடைய நல்ல குணங்களைப் பிரித்துப் பிரித்து ஒவ்வொருவருக்கும் ஒன்றிரண்டாகக் கொடுத்தார்கள். மற்ற வேட்பாளர்களின் நல்ல குணங்கள் எல்லோருக்கும் பொதுவாகத் தெரிந்தன. நால்வரும் தங்களுக்குத் தெரிந்ததை மேஜையில் கொட்டியிருந்தால் முதல் வேட்பாளரின் மேன்மை பளிச்சென்று தெரிந்திருக்கும். பேசினார்கள், நட்பாகவே பேசினார்கள். அவரைத் தேர்ந்தெடுத்த குழுக்கள் கால்வாசிக்கும் குறைவு. எல்லோருக்கும் தெரிந்ததையே எல்லோரும் திரும்பத் திரும்பப் பேசியிருந்தார்கள்.

ஒரு காரணம் வெறும் கணக்கு. நாலு பேருக்குத் தெரிந்த விஷயத்தை எடுத்துப் பேச நாலு வாய் உண்டு, ஒருவருக்குத் தெரிந்ததைப் பேச ஒரே வாய். இன்னொன்று மனித சுபாவம். எல்லோருக்கும் தெரிந்த ஒன்றைச் சொன்னால் சுற்றி இருப்பவர்கள் தலையாட்டுகிறார்கள், சொன்னவருக்கு மதிப்பு கூடுகிறது, கேட்டவருக்கும் தான் அறிந்தது சரிதான் என்ற திருப்தி. யாருக்கும் தெரியாத ஒன்றைச் சொன்னால் ஒரு கணம் மௌனம். சபையில் அந்த மௌனத்தை அனுபவித்தவர்களுக்குத் தெரியும், அடுத்த முறை வாய் தானாக மூடிக்கொள்ளும்.

மருத்துவர்களும் விதிவிலக்கில்லை. ஜேம்ஸ் லார்சனும் உடன் ஆய்ந்தவர்களும் 1996-இல் மூன்று பேர் கொண்ட மருத்துவக் குழுக்களை எடுத்துக்கொண்டார்கள். ஒரு சீனியர் மருத்துவர், ஒரு பயிற்சி மருத்துவர், ஒரு மாணவர். ஒரு நோயாளியிடம் விவரம் கேட்கும் வீடியோவை மூவருக்கும் கொஞ்சம் வெவ்வேறாக வெட்டிக் காட்டிவிட்டு, என்ன நோய் என்று கூடிப் பேசச் சொன்னார்கள். மூவரும் பார்த்த விவரங்கள்தான் முதலில் வந்தன, அதிகமும் வந்தன. ஒருவர் மட்டும் பார்த்தது தாமதமாக வந்தது, அல்லது வரவே இல்லை. இதில் கவனிக்க வேண்டியது சீனியர்களின் நடத்தை. அவர்கள் மற்றவர்களைவிட அதிகம் கேள்வி கேட்டார்கள். பேச்சு வளர வளர, ஒருவர் மட்டும் சொன்ன விவரத்தை எடுத்துத் திரும்பச் சொன்னார்கள். மேலே இருப்பவர் வாயால் ஒருமுறை திரும்பச் சொல்லப்பட்ட தகவல் சபையில் தங்கிவிடுகிறது.

புத்திசாலிகளாகப் பார்த்துச் சேர்த்தால் போதாதா என்று கேட்கலாம். அனிதா வூலியும் உடன் உழைத்தவர்களும் 2010-இல் ‘சயின்ஸ்’ இதழில் 699 பேரைச் சிறு குழுக்களாக்கிச் சோதித்த முடிவை வெளியிட்டார்கள். உறுப்பினர்களின் சராசரி அறிவுத்திறனுக்கும் குழுவின் வெற்றிக்கும் தொடர்பு குறைவாகவே இருந்தது. அடுத்தவர் முகத்தைப் படிக்கும் திறனும், எல்லோரும் ஓரளவு சமமாகப் பேசுவதும்தான் எடுபட்டன. பத்திரிகைகள் கொண்டாடிய ஆய்வு. பிறகு வந்த சிலர், தனிநபர் அறிவுத்திறன் அவ்வளவு அற்பமில்லை என்று தங்கள் தரவுகளோடு மறுத்திருக்கிறார்கள். வழக்கு இன்னும் முடியவில்லை. முட்டாள்களை வட்டமாக உட்காரவைத்தால் ஞானம் பிறக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

இதுவரை பார்த்த ஆய்வுக் குழுக்களில் பெரும்பாலும் ஒருவர் பேச்சுக்கு மற்றவர் பயப்பட வேண்டியதில்லை. அதிகாரம் உள்ளே நுழைந்தால்?

1977 மார்ச் 27. கானரித் தீவுகளின் டெனரீஃப் விமான நிலையத்தில் மூடுபனி. ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள், ஒன்று கேஎல்எம் நிறுவனத்தினுடையது, இன்னொன்று பான்ஆம் நிறுவனத்தினுடையது. கேஎல்எம் விமானத்தின் கேப்டன் அந்த நிறுவனத்தின் ஜம்போ பயிற்சிக்கே தலைவர். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த துணை விமானிக்கு, சுமார் இரண்டு மாதம் முன்பு தேர்வு நடத்தித் தகுதி கொடுத்தவரும் அவரே. விமானம் ஓட ஆரம்பித்துவிட்டது. பான்ஆம் விமானம் இன்னும் ஓடுபாதையைவிட்டு விலகவில்லையோ என்று பின்னால் இருந்த பொறியாளர் கேட்டார். விலகிவிட்டது என்று கேப்டன் அழுத்தமாகச் சொன்னார். அதற்கு மேல் பேச்சில்லை. 583 பேர் இறந்தார்கள். விமானப் போக்குவரத்து வரலாற்றில் இத்தனை பேர் செத்த விபத்து வேறில்லை.

ஊட் ஃபிஷரும் ஜூடித் ஒரசானுவும் விமானிகளின் பேச்சை ஆராய்ந்தபோது, கேப்டன்கள் கட்டளையாகப் பேசுவதும் துணை விமானிகள் குறிப்பால் உணர்த்துவதும் தெளிவாகத் தெரிந்தது. ‘மேகம் கொஞ்சம் பெரிசா இருக்கே’ என்பது குறிப்பு. ‘வலது பக்கம் திருப்புங்க’ என்பது சொல்ல வேண்டியது. நம் அலுவலகங்களில் குறிப்பாகச் சொல்வதே மரியாதை. ‘சார், ஒரு தடவை பாத்துக்கலாமா’ என்று ஒரு ஜூனியர் சொன்னால், இதில் தப்பு இருக்கிறது என்று பொருள். கேட்கும் சாருக்கு நேரமிருந்தால் புரியும். தலைக்கு மேல் வேலை இருக்கும்போது குறிப்பு காதில் விழாது. அபாய நேரம் என்பதே தலைக்கு மேல் வேலை இருக்கும் நேரம்தான்.

டெனரீஃபும் போர்ட்லாண்டும் விமானத் துறையை உலுக்கின. போர்ட்லாண்ட் விசாரணை அறிக்கை, கேப்டன்களுக்கு மற்றவர்களைக் கலந்து முடிவெடுக்கும் பயிற்சியும், மற்றவர்களுக்குத் தயங்காமல் பேசும் பயிற்சியும் கொடுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. பேசுவதற்கு மட்டும் பயிற்சி கொடுத்தால் போதாது, கேட்பதற்கும் கொடுக்க வேண்டும் என்று அந்தப் பரிந்துரை புரிந்துவைத்திருந்தது. பிறகு வந்த எத்தனையோ கார்ப்பரேட் பயிற்சிகள் இதைப் பாதியாகத்தான் எடுத்துக்கொண்டன. 1979-இல் நாசா இதற்கென ஒரு பயிலரங்கு கூட்டியது. 1981-இல் யுனைடெட் நிறுவனமே தன் விமானிகளுக்குப் பயிற்சியைத் தொடங்கியது. மூத்த கேப்டன்களில் சிலருக்கு இது பிடிக்கவில்லை. வசீகரப் பள்ளி என்று கிண்டலடித்தார்கள்.

1989 ஜூலை 19. அதே நிறுவனத்தின் 232-ஆம் எண் விமானம், டிசி-10 ரகம், 296 பேருடன் பறந்துகொண்டிருந்தபோது வால் பக்க என்ஜினின் விசிறித் தட்டு வெடித்துச் சிதறியது. விமானத்தைத் திருப்பவும் ஏற்றி இறக்கவும் உதவும் ஹைட்ராலிக் அமைப்புகள் மூன்றும் ஒரே அடியில் போய்விட்டன. இப்படி நடக்காது என்று நம்பியதால் அதற்கு நடைமுறையே எழுதப்பட்டிருக்கவில்லை. கேப்டன் ஆல் ஹெய்ன்ஸ், பயணியாக வந்துகொண்டிருந்த டென்னிஸ் ஃபிட்ச் என்ற பயிற்சி விமானியை உள்ளே அழைத்தார். ஃபிட்ச் மண்டியிட்டு, மிச்சமிருந்த இரண்டு என்ஜின்களின் வேகத்தைக் கையால் கூட்டிக் குறைத்தே விமானத்தைத் திருப்பப் பழகினார். மற்ற மூவரும் தங்களுக்குத் தோன்றியதை ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 44 நிமிடம் கழித்து சூ சிட்டியில் இறங்கியபோது விமானம் உடைந்து தீப்பிடித்தது. 112 பேர் இறந்தார்கள், 184 பேர் பிழைத்தார்கள். பின்னர் சிமுலேட்டரில் அனுபவசாலிகளை உட்காரவைத்து இதே நிலையை உண்டாக்கிப் பார்த்தார்கள். பத்திரமாக இறக்குவதைப் பயிற்சியாகக் கற்றுத்தர முடியாது என்ற முடிவுக்கு வந்தார்கள். ஆனால் யுனைடெட் கொடுத்த அந்தக் கலந்து பேசும் பயிற்சி இல்லாவிட்டால் தான் தப்பித்திருக்க முடியாது என்று ஹெய்ன்ஸ் கடைசிவரை சொல்லிவந்தார்.

இந்தப் பாடம் மற்றத் துறைகளுக்கும் போனது. 2008-இல் உலக சுகாதார நிறுவனம் அறுவை சிகிச்சைக்கு ஒரு சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. தோலில் கத்தி வைப்பதற்கு முன், அறையில் இருக்கும் ஒவ்வொருவரும் தன் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும் என்பது அதில் ஒரு வரி. அசட்டுத்தனமாகத் தோன்றலாம். ஒருமுறை வாயைத் திறந்துவிட்ட நர்ஸுக்கு, இரண்டு மணி நேரம் கழித்து டாக்டர் ஒரு பஞ்சை உள்ளே விட்டுவிட்டாரோ என்று சந்தேகம் வரும்போது மறுபடி வாயைத் திறப்பது சுலபம் என்பதுதான் அதன் பின்னால் இருக்கும் எண்ணம். புது தில்லி உட்பட எட்டு நகரங்களில் எட்டு மருத்துவமனைகளில் சோதித்தபோது, இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்ததாக 2009-இல் அறிவித்தார்கள். ஐந்து ஆண்டு கழித்துக் கனடாவின் ஒண்டாரியோவில் 101 மருத்துவமனைகளை எடுத்துப் பார்த்தபோது குறிப்பிடும்படியான குறைவு எதுவும் தென்படவில்லை. அங்கே பட்டியல் கட்டாயமாக்கப்பட்டிருந்தது. கட்டாயமாக்கினால் டிக் போட்டுவிடுவார்கள். டிக் போடுவதற்கு யாரும் யாரோடும் பேச வேண்டியதில்லை.

வாயைத் திறந்து பேசியும் பயனில்லாமல் போவது உண்டு. 2010 மே 22, துபாயிலிருந்து மங்களூருக்கு வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மலைமேல் அமைந்த ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. 158 பேர் இறந்தார்கள், 8 பேர் தப்பினார்கள். கேப்டன் வழியில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தூங்கியிருக்கிறார். விமானம் அதிக உயரத்தில், அதிக வேகத்தில் ஓடுபாதைக்கு வந்தது. இறங்க வேண்டாம், மேலே ஏறிச் சுற்றி வருவோம் என்று துணை விமானி மூன்று முறை சொன்னார். குறிப்பாகச் சொல்லவில்லை, நேராகவே சொன்னார். கேப்டன் கேட்கவில்லை. அப்படிக் கேட்காதபோது துணை விமானி கட்டுப்பாட்டைத் தன் கையில் எடுத்துக்கொள்ளலாமா என்பதில், விதிமுறைகள் தெளிவில்லாமல் இருந்தன. அவர் எடுத்துக்கொள்ளாததற்கு அந்தத் தெளிவின்மை காரணமாக இருக்கலாம் என்று விசாரணை நீதிமன்றத்தின் அறிக்கை பதிவுசெய்திருக்கிறது.